எங்கள் குளத்தைக் கெல்ட்டுகளுக்குக் கொடுக்க மாட்டேன்

2023ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. கத்திரி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. துளிக் காற்று இல்லை. ஏழேகாலுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர்ப் பொதுக்குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருந்த பொக்லைன் அன்றுதான் வடகரைக்கு வந்தது. மூன்றாவது அள்ளலில் கரைக்குள்ளிருந்து ஒரு சுடுமண் வளையம் உடைந்து விழுந்தது. அதற்குக் கீழே இன்னொரு வளையம், உடையாமல். அதற்கும் கீழே இன்னொன்று.

நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் நிறுத்தவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். நிறுத்தினார்.

“பெரியவரே, மணிக்கு ஆயிரத்து எறநூறு வாடக ஓடுது. நீங்க குடுக்கறீங்களா?”

“குடுக்க மாட்டேன். தென்கரையில போய் வெட்டுங்க. அங்கயும் மண்ணுதான் இருக்கு.”

அவர் என்னைத் திட்டிக்கொண்டே தென்கரைக்குப் போனார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அது உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. உடைந்ததையும் சேர்த்துப் பதினொரு உறைகள் இருந்தன.

முப்பத்து நான்கு வருடம் பாசன வாய்க்கால்களுக்கு வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். மட்டம் பார்ப்பதும் அளப்பதும் எண்ணுவதும் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. தாளிப்பில் எத்தனை மிளகாய் போட்டாள் என்றுகூடச் சொல்லிவிடுவேன் என்று என் மனைவி குறைபட்டுக்கொள்வாள். சொல்லிவிடுவேன்தான். அதில் என்ன தப்பு?

தூர்வாரிய வண்டலை விவசாயிகள் வயலுக்கு அடித்துக்கொள்ளலாம் என்று தாலுகா அலுவலகத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். என் ஆறு மா நிலத்துக்கு நான்கு டிராக்டர் மண் வந்தது. அதைப் பரப்பும்போது பார்த்தால் மண்ணெல்லாம் ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, மேலே தேய்த்து மெருகு போட்ட மாதிரி வழவழப்பு. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. கழுவி, மொட்டை மாடியில் வாய்ப்பகுதி தனி, அடிப்பகுதி தனி என்று பிரித்து வைத்தேன். வடகம் காயப்போட இடமில்லாமல் மனைவி பக்கத்து வீட்டு மாடிக்குப் போனாள்.

படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துத் தொல்லியல் பேராசிரியை ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல வெயிலில் மாடி ஏறி, குத்துக்காலிட்டு, ஒவ்வொரு ஓடாகத் திருப்பிப் பார்த்தார். அந்த மட்டும் மரியாதைதான். பிறகு கேட்டார்.

“இதெல்லாம் எந்த ஆழத்துல கெடச்சுது சார்?”

“என் வயல்ல.”

“வயல்ல இல்ல சார். குளத்துல எந்த ஆழத்துல இருந்துது?”

“பொக்லைன் அள்ளினதும்மா. அது டேப்பு புடிச்சு அள்ளல.”

“அள்ளிக் கொட்டின மண்ணுலகூட ஏதாவது தெரிஞ்சிருக்கும். எந்த ஓடு எந்த மண்ணோட ஒட்டியிருந்துதுன்னு. நீங்க எல்லாத்தையும் பொறுக்கிக் கழுவிட்டீங்களே சார்.”

இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கலாம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அவசியம் இல்லை.

“ஜூன்லயே தண்ணி தொறந்தாச்சும்மா. நடவுக்குப் பதினாலு பேரு வெறுங்காலோட எறங்குவாங்க. இந்த ஓட்ட வயல்ல விட்டுவெச்சா யாரு காலு கிழியும்? உங்க காலா?”

அவர் கையிலிருந்த ஓட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். இன்றைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் நடவுப் பெண்களின் காலைப் பற்றி எழுதியிருக்காது.

எங்கள் பக்கத்து மண் காவிரி கொண்டுவந்து போட்ட மண். கடலோரமாக வர வர அது புது மண், இங்கே பழங்காலத்தில் ஆள் இருந்ததற்குச் சான்று போதாது என்பது பல்கலைக்கழகத்துக்காரர்கள் கட்சி. இங்கே ஆள் இருந்தார்கள், வண்டலுக்குக் கீழே கிடக்கிறார்கள், நீங்கள் தோண்டவில்லை என்பது என் கட்சி. உறைகிணற்றைக் காட்டினேன். உறைகிணறு நேற்று வரைக்கும்கூட மணற்பாங்கான ஊர்களில் இறக்கினார்கள், அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது என்றார்.

“ரெண்டாயிரம் வருஷம் இருக்காதா?”

“இருக்கலாம் சார். இருக்கலாம்ங்கறத நான் எழுத முடியாது.”

நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவை ‘இருக்கலாம்’ சொன்னார்.

கிளம்பும்போது குளக்கரைக்கு வந்து வடகரையைப் பார்த்தார். பொக்லைன் கடித்த இடத்தில் கரை சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அந்த முகத்தைக் கரண்டியால் நேராகச் சீவினால் எந்த மண்ணுக்குமேல் எந்த மண் என்று தெரியும், ஓடு இன்னும் உள்ளே இருந்தால் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும், கரித்துண்டு கிடைத்தால் காலமே சொல்லிவிடலாம் என்றார். துறைத் தலைவரின் அனுமதி வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

“அது வரைக்கும் இந்தக் கரைய யாரும் தொடக் கூடாது சார்.”

அடுத்த மே மாதம் அந்த வடகரையை இன்னும் நான்கடி வெட்டிக் கருங்கல் சுவர் கட்டப் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆகவே எனக்கு இருந்தது ஒன்பது மாதம். அதற்குள் அந்த முகத்தைச் சீவிப் பார்த்தாக வேண்டும். எனக்கு எழுபத்தாறு வயது. நான் உழுகிற மண்ணுக்கு அடியில் யார் சோறு தின்றார்கள் என்று தெரியாமலே போக எனக்கு இஷ்டமில்லை.

இந்தச் சமயத்தில்தான் தென்னந்தோப்புக்காரர் வந்து சேர்ந்தார். பேராவூரணிப் பக்கம் பெரிய தோப்பு. எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு வரலாற்று வட்டம் நடத்தினார். அவருடைய மகன் அயர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். காரில் இரண்டு குலை இளநீரோடு இறங்கியவர் நேரே மாடிக்குப் போய், ஓர் ஓட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேராசிரியை அப்படிச் செய்யவில்லை என்பதை நான் கவனித்தேன்.

“ஐயா, இது எங்க போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எங்கயும் போகலீங்க. என் மாடியிலதான் இருக்கு.”

“அயர்லாந்து! இதே கறுப்பு, இதே வழவழப்பு. பையன் பாத்திருக்கான்.”

“கையில எடுத்துப் பாத்தாரா?”

“கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தான்.”

அயர்லாந்து, வேல்ஸ், பிரான்சின் சில பகுதிகள் என்று பரவியிருந்த பழைய மக்களைக் கெல்ட்டுகள் என்கிறார்கள். அவர்கள் முதலில் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் அந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தென்னந்தோப்புக்காரர் அந்த வழக்கை முடித்துவைத்துவிட்டார். கெல்ட்டுகள் காவிரி முகத்துவாரத்திலிருந்து கப்பல் ஏறிப் போன நம் ஆட்கள். அங்கே பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்களே, அது ஒன்றே போதும் என்றார்.

“நம்ம பக்கம் கல்லே கெடையாதுங்களே. அம்மிக்குக்கூட வெளியூர்லேருந்துதான் கல்லு வரணும்” என்றேன்.

“அதத்தான் ஐயா நானும் சொல்றேன்! கல்லே பாக்காதவன் போய்க் கல்லப் பாத்தா என்ன செய்வான்? ஆசையில வட்டமா நட்டு வெப்பான்.”

அவரே போனை எடுத்து, அயர்லாந்தில் ஒரு கல் சிலுவையில் செதுக்கிய பின்னல் கோடுகளைக் காட்டினார். அடுத்த படத்தில் யார் வீட்டு வாசலிலோ போட்ட சிக்குக்கோலம். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியிடமும் காட்டினார்.

“பாருங்கம்மா. கோலம்தானே இது?”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “புள்ளி வெக்காமலா போட்டாங்க?”

“கல்லுல எப்படிம்மா புள்ளி வெக்கறது?”

“வெக்கலன்னா அது கோலம் இல்லீங்க. பின்னல்.” சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சிலுவைக்காரர்களுக்கே தாங்கள் யார் என்று தீர்மானமாகவில்லை, நாம் போய்ச் சொல்வதா என்று கேட்டேன். “அவங்களுக்கே தெரியலன்னா நாமதானே ஐயா சொல்லணும்?” என்றார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சண்டை போடுவார். வட்டத்தின் சார்பில் ஒரு புத்தகம் போடப்போவதாகவும், என் அளவுகளை ஓர் எழுத்து மாற்றாமல் பின்னிணைப்பாகச் சேர்ப்பதாகவும் சொன்னார். அதுவரை என் அளவுகளை யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு பக்கம் எழுதிப் படம் போட்டுக் கொடுத்தேன். அதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை. அளவுகள் சரியானவை. டேப்பைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

பொங்கல் கழிந்த வாரம் அழைப்பிதழும் புத்தகத்தின் அட்டைப் படமும் வந்தன. அட்டையில் எங்கள் குளத்து உறைகிணறு. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘கெல்ட்டு இனத்தின் தாய்க்கிணறு’. அழைப்பிதழில், முதல் பிரதியைப் பெறுபவர் நான் என்று போட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியை போன் செய்தார்.

“சார், தலைவர் கையெழுத்துப் போடற கட்டத்துல இருந்துது. யாரோ இந்த அழைப்பிதழயும் அட்டப் படத்தையும் அவருக்கு அனுப்பிட்டாங்க. ‘இந்தக் கிணத்தையா சீவப் போறீங்க? நாளைக்கு நம்ம பேரையும் சேத்துப் போடுவாங்க’ன்னு பைல மூடி வெச்சுட்டார்.”

“நான் கெல்ட்டுன்னு ஒரு வார்த்த எழுதலம்மா.”

“எனக்குத் தெரியும் சார். வெளிய தெரியாதே.”

“அட்டையப் பாத்து ஓட்டுக்கு வயசு சொல்றதுக்குப் பேருதான் ஆராய்ச்சியா?”

“என்னத் திட்டி என்ன சார் ஆகப்போவுது?” என்று வைத்துவிட்டார்.

தென்னந்தோப்புக்காரரைக் கூப்பிட்டேன். அட்டையை மாற்றுங்கள், என் பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்றேன்.

“முந்நூறு பிரதி பைண்டிங்கே முடிஞ்சுதுங்க ஐயா. பயப்படாதீங்க. அந்தத் தலைவர் யாரு நம்ம பூர்வீகத்துக்குக் கையெழுத்துப் போட?”

“பூர்வீகத்துக்கு இல்லீங்க. குளத்துக்கு. மே மாசம் கரைய வெட்டப்போறாங்க.”

“வெட்டட்டுமே. போட்டோதான் புத்தகத்துல இருக்கே.”

இப்படி ஒரு பக்கம். பார்க்கவே மாட்டேன் என்று அந்தப் பக்கம். நடுவில் குளம். யோசித்தேன். மறுநாள் வங்கிக்குப் போய், கொல்லைக் கொட்டகைக்குத் தகரம் போட வைத்திருந்த வைப்புத்தொகையைத் தவணைக்கு முன்பே எடுத்தேன்.

“தகரத்துக்கு ஆள் வரச் சொல்லிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“தகரம் இல்ல. புத்தகம் வாங்கப் போறேன்.”

“எத்தன?”

சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு புடைக்க ஆரம்பித்தாள். “மழையில கொட்டகை ஒழுகும்போது ஆளுக்கொண்ணாத் தலையில வெச்சுக்குவோம்” என்றாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா. கொள்முதல் நிலையத்தில் என் நெல் மூட்டைகள் ஐந்து நாளாக வரிசையில் கிடந்தன. மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தஞ்சாவூர் போனேன். கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். தொண்ணூறு நாற்காலியில் எழுபத்தொரு பேர். வாசலில் மேசை போட்டுப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். விலை நூற்றைம்பது, விழாச் சலுகையில் நூற்று முப்பத்தைந்து.

நம் ஊர்ப் புத்தக வெளியீட்டு முறை எல்லோருக்கும் தெரியும். முதல் பிரதியை ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, வரிசையாக மேடையேறிக் கவரைக் கொடுத்து, ஆளுக்கொரு பிரதி வாங்கி, போட்டோவுக்கு நின்று இறங்குவார்கள். முதல் பிரதி பெறுபவர் மட்டும் பத்து, இருபது என்று கூடுதலாக வாங்குவது பெருமை. அந்த முறையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரதியை வாங்கிக்கொண்டு மைக்குக்குப் போனேன். “இந்தப் புத்தகத்தில் 41ஆம் பக்கத்திலிருந்து 52ஆம் பக்கம் வரை நான் எழுதியது. எங்கள் குளத்துக்கும் கெல்ட்டுகளுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் எங்கும் சொல்லவில்லை. சம்பந்தம் இல்லை என்பதே என் கருத்து. எங்கள் குளத்தில் இருப்பது எங்கள் ஊர் ஆள். அவர் எங்கேயும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. எத்தனை பிரதி மீதி இருக்கிறது?”

மேசையிலிருந்தவர் எண்ணிப் பார்த்து, என் கையிலிருந்ததையும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றார். ஒன்று அயர்லாந்துக்குத் தபாலில் போயிருந்தது. ஒன்று அச்சகத்துப் பிள்ளையாரிடம்.

“அவ்வளவையும் நான் வாங்கிக்கொள்கிறேன்” என்று காசோலையை நீட்டினேன்.

கைதட்டல் ஹாலைத் தூக்கியது. நான் பேசியதைப் பாதிப் பேர் கேட்கவே இல்லை. ஒரே ஆள் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பிரதி என்று மைக்கில் இரண்டு முறை அறிவித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்துகிற சாக்கில் தென்னந்தோப்புக்காரர் காதருகே வந்தார்.

“என்னங்க ஐயா பண்றீங்க?”

“வாங்கறேங்க. விக்கத்தானே வெச்சிருக்கீங்க?”

“படிக்கறதுக்கு விக்கறோம்.”

“படிக்கறேன். எறநூத்துத் தொண்ணூத்தெட்டுத் தடவ.”

அவர் சிரித்துவிட்டார். போட்டோ எடுக்கிறார்கள் என்பதால் சிரித்தாரோ என்னவோ. மினி வேன் பிடித்துக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழே வந்தார்.

“புத்தகத்தத்தானே வாங்கினீங்க? பிடிஎப் என் போன்ல இருக்கு. இப்பவே நாலு குரூப்புல போட்டுட்டேன்.”

அது என் கணக்கில் இல்லை. கையிலிருந்த கட்டை வேனில் ஏற்றினேன்.

“போடுங்க. நாளைக்குக் காலையில குட் மார்னிங் ரோஜாப்பூ வரும்போது அது அடியில போயிடும். லைப்ரரியில இருக்காதுல்ல? அது போதும்.”

பத்து நாள் கழித்துப் பேராசிரியை கூப்பிட்டார். யாரோ எடுத்த விழா வீடியோவைத் தலைவரிடம் காட்டினாராம். நான் பேசிய ஒன்றரை நிமிடத்தைப் பார்த்துவிட்டு அவர் பைலை வரவழைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

மார்ச் கடைசியில் பேராசிரியை வந்து மூன்று நாள் அந்த முகத்தைச் சீவினார். உறைகிணற்றின் அடி உறைக்குக் கீழே இரண்டடி வெளிறிய வண்டல். அதற்கும் கீழே ஒரு சாண் கனத்துக்குக் கறுத்த மண். அந்தக் கறுப்பு மண்ணில், யாரும் பொறுக்காத, யாரும் கழுவாத, என் மாடியில் இருந்த அதே ஓடு. பக்கத்தில் கரித்துண்டுகள். என் கையை நான் பின்னால் கட்டிக்கொண்டேன், தொட்டுவிடுவேனோ என்று.

தென்னந்தோப்புக்காரரும் வந்திருந்தார், இளநீரோடு. கரைமேல் நின்றார்.

“பாருங்க சார்” என்றார் பேராசிரியை. “ஓடு கீழ. கிணறு மேல. நடுவுல ரெண்டடி வண்டல். ஓடு பழசு, ரொம்பப் பழசா இருக்கலாம். கிணறு வேற காலம்.”

“ரெண்டடி வண்டல் ஒரே வெள்ளத்துல வரும்மா. நான் வாய்க்கால்ல பாத்திருக்கேன். வெள்ளம் வடிஞ்சதும் அதே ஆளு வந்து கெணறு எறக்கியிருப்பான்.”

“அதுக்குச் சான்று இல்ல சார்.”

“இல்லன்னும் சான்று இல்லயே.”

“வெள்ளம் வந்துது பாருங்க!” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “அதனாலதான் கெளம்பிப் போனாங்க!”

“சும்மா இருங்க!” என்றோம் நானும் பேராசிரியையும் ஒரே நேரத்தில். அந்த மூன்று நாளில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

கரித்துண்டுகள் சோதனைக்குப் போயிருக்கின்றன. முடிவு இன்னும் வரவில்லை. மே மாதம் பொக்லைன் வந்தது, கரையை வெட்டினார்கள், கருங்கல் சுவர் கட்டினார்கள். சீவிய முகம் இப்போது இல்லை. அதன் படமும் அளவும் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, எங்கள் ஊர்ப் பெயரோடு. கிணறு வேறு, ஓடு வேறு என்றுதான் அதில் எழுதியிருக்கிறார். தப்பு என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். சோதனை முடிவு எனக்கு எதிராக வந்தாலும் ஐந்தாவது பக்கம் எழுதுவேன்.

கரையைச் சீவிய அன்று இளநீர் குடிக்கும்போது பேராசிரியை ஒன்று சொன்னார். “நீங்க பேசினதே போதும் சார். அத்தன புத்தகத்தையும் வாங்கியிருக்க வேணாம்.”

அவருக்குத் தெரியாது. ஒன்றும் வாங்காமல் ஒரு கிழவன் மைக்கில் மறுத்துப் பேசினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். வீடியோ எடுத்தவர் போனைப் பைக்குள் வைத்திருப்பார். புத்தகங்கள் இப்போது கொல்லைக் கொட்டகையில் கிடக்கின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போட மாட்டேன். வடை சுற்றி வந்து யாராவது படித்துவிடுவார்கள். கொட்டகைக்கு இன்னும் கீற்றுதான்.

புத்தகம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்று முப்பத்தைந்து வீதம் 40,230. வேன் வாடகை 2,400. வழியில் எனக்கும் ஓட்டுநருக்கும் டீ, வடை 60. வைப்புத்தொகையை முன்கூட்டி எடுத்ததில் வட்டி நஷ்டம் 1,115. ஆக மொத்தம் 43,805 ரூபாய்.